மங்களத்துக்கு ஒரு தம்பதி

ஜனவரி 20, திங்கள்

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. அரை மணி நேரம் அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நின்றேன். இப்படி ஆகும்போதெல்லாம் அவர் போய் ஏதோ ஒரு மூடியைத் திருகி எதையோ ஊற்றுவார், சரியாகிவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளாவது பக்கத்தில் போய் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவர் கடை விஷயமாகத் தென்காசிக்குப் போயிருக்கிறார். குழாய் வேலை செய்யும் செய்யதுக்குப் போன் போட்டேன். "சார் இல்லியா டீச்சர்? சார் வரட்டும், வந்து பாக்கேன்" என்றார். போன தடவை கேட்காமல் ஏதோ ஒரு சாமானை மாற்றியதற்கு அவர் சத்தம் போட்டாராம். அதிலிருந்து சார் சொல்லாமல் எங்கள் வீட்டுக் குழாயைத் தொடுவதில்லையாம். குளிக்க வேண்டியவள் நான்தானே என்று கேட்க வாயெடுத்தேன். "வந்துருவாவ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நிலத்தொட்டியில் வாளியை விட்டு இறைத்துக் குளித்தேன். கல்லூரிக்குப் போனால் அடுத்த தலைவலி. நிறுவனர் நாள் நாடகத்துக்கு இந்த வருஷமும் தமிழ்த்துறை பிரம்மசக்திதான், அதாவது நான்தான், பொறுப்பு. இருபத்தைந்து வருஷமாக இந்தப் பெண்கள் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். அதில் பாதி வருஷம் இந்த நாடகத்தோடு மாரடித்திருக்கிறேன்.

கல்லூரியை ஆரம்பித்த பெரிய ஐயா வாலிபத்தில் எழுதிய துன்பியல் நாடகம் இது. பெயர் 'மரகதவதி'. ஐந்து அங்கம், ஒரு சாவு. ஒரு எழுத்தை மாற்றக் கூடாது. ஐயாவின் பேரன் குற்றாலிங்கம்தான் இப்போது தாளாளர். முன்வரிசையில் புத்தகத்தை மடியில் வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டே நாடகம் பார்ப்பார்.

கதை இவ்வளவுதான். அரசன் விசயகேது போருக்குப் போகிறான். அரசி மரகதவதி மூன்று அங்கம் முழுக்கச் சாளரத்தருகே நிற்கிறாள். தோழி எதைக் கேட்டாலும் "நாதர் வரட்டும்" என்பாள். எதிரி கோட்டை வாசலுக்கே வந்துவிட்டான், கதவை அடைக்கட்டுமா என்று காவலன் கேட்கிறான். அதற்கும் "நாதர் வரட்டும்". ஐந்தாம் அங்கத்தில் தூதுவன் வந்து அரசர் மாண்டார் என்கிறான். அவள் உடனே மோதிரத்து வைரத்தை விழுங்கிச் செத்து விழுகிறாள். விழுந்த சத்தம் கேட்டதும் அரசன் உயிரோடு உள்ளே வருகிறான். வந்த செய்தி பொய். "தாமதித்தேனோ மரகதவதி?" என்று கதறுகிறான். திரை.

கோட்டைக் கதவை அடைக்கப் புருஷனைக் கேட்கிறவளை என்ன செய்வது?

ஜனவரி 21, செவ்வாய்

வாளி. தோள்பட்டை வலி. திருக வேண்டிய மூடி எது என்று கேட்க அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜனவரி 23, வியாழன்

இன்று மூன்றாமாண்டு வகுப்பில் துன்பியல் நாடக இலக்கணம். எந்த நாட்டு நாடகத்தை எடுத்தாலும் ஆண் தன் பிழையால் சாகிறான். ஆசைப்படுகிறான், அகங்காரப்படுகிறான், அவசரப்படுகிறான், விழுகிறான். அது வீழ்ச்சி, அதற்கு நாம் ஐந்து மதிப்பெண் வினா வைத்திருக்கிறோம். பெண் அவனைப் பற்றி வந்த செய்தியால் சாகிறாள். அவள் சொந்தமாக ஒரு பிழை செய்யக்கூட நாடகாசிரியர்கள் இடம் கொடுப்பதில்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற பிள்ளைகளைப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

சாயங்காலம் வேடங்களைப் பிரித்தேன். எங்கள் மேடையில் ஆண்கள் ஏறக் கூடாது என்பதால் அரசனும் பெண், காவலனும் பெண். உயரமும் தொண்டையும் இருக்கிற பேச்சித்தாய்க்கு அரசன் வேடம். ஜெபராணி அரசி. பேச ஆரம்பித்தால் நிறுத்தாத ரஹ்மத்நிஷாவைத் தூதுவனாக்கினேன், வசனம் குறைவு என்பதால். திரைமறைவில் புத்தகத்தோடு நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது எப்போதும் போல நான்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய். வெயில்.

மகன் புனேயிலிருந்து பேசினான். ஞாயிற்றுக்கிழமைதான் அவனுக்கு நேரம். அப்பா எங்கே என்றான். குளிக்கிறார் என்றேன். தீபாவளிக்குப் பிறகு எல்லா ஞாயிறும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் ஏறாத வீட்டில் அந்த மனிதர் இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறார்.

ஜனவரி 29, புதன்

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். பூரிப்போடு சொன்னார், இந்த வருஷம் மங்களத் தம்பதி நாங்கள்தானாம்.

இது எங்கள் கல்லூரியின் வழக்கம். மேடையில் ஒரு சுமங்கலி செத்து விழுந்ததோடு திரையை இறக்கினால் வீட்டுக்கும் கல்லூரிக்கும் ஆகாது என்று பெரிய ஐயாவின் வீட்டம்மா நினைத்தார்களாம். அதனால் நாடகம் முடிந்ததும், செத்த அரசி எழுந்து ஓரமாக நிற்க, கல்லூரியில் நீண்ட நாள் வேலை பார்த்த ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் மேடை ஏறுவார்கள். கணவர் மனைவிக்குப் பொன்னாடை போர்த்துவார். மனைவி அவர் காலில் விழுந்து எழுவார். பிள்ளைகள் மங்களம் பாடுவார்கள். அதோடு தீட்டுப் போய்விடும். தாவரவியல் ஞானசெல்வம் மேடம் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். கணவர் இறந்துவிட்டதால் அவரைக் கடைசிவரை கூப்பிடவில்லை. ஓய்வு பெறும் வருஷத்திலும் தம்பதிக்கான மாலையை அவரே கட்டிக் கொடுத்தார்.

"ஐயம்பெருமாள் சாரை ரொம்ப நாளா இந்தப் பக்கமே காணலையே மேடம்?" என்றார் தாளாளர். வெளியூரில் இருக்கிறார், நிச்சயம் வருவார் என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

ஜனவரி 31, வெள்ளி

இன்று ஒத்திகையில் கத்திவிட்டேன்.

ஐந்தாம் அங்கம். ரஹ்மத் வந்து "அரசி, அரசர் மாண்டார்" என்றாள். ஜெபராணி "நாதரில்லாப் பூமியில் நானிருந்து ஆவதென்ன" என்று மோதிரத்தை வாயருகே கொண்டுபோனாள். நல்ல நடிகை, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கண்ணீரைப் பார்த்ததும்தான் எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. புத்தகத்தைக் கீழே போட்டேன்.

"பிணத்த யாரு பாத்தான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாளாட்டி இவ? வந்தவன் சொன்னா முழுங்கிருவாளா?"

 முதலில் பேச்சித்தாய் ஒட்டுமீசையோடு சிரிக்க ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மறுபடி ஆரம்பித்தபோது ஜெபராணி மோதிரத்தைத் தூக்கிய கையோடு, "பிணத்த யாரு பாத்தா?" என்றாள். ரஹ்மத் சும்மா இருப்பாளா? "சந்தையில சொன்னாவ தாயே" என்றாள். அதன் பிறகு ஜெபராணி ஒழுங்காக வைரத்தை விழுங்கிச் செத்தாள்.

வீட்டுக்கு வந்தால் காஸ் தீர்ந்திருந்தது. புது சிலிண்டரை மாட்டத் தெரியும், ஆனால் உருட்டிக்கொண்டு வரும்போது காலில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மதினி சுரண்டையிலிருந்து போன். அவருடைய அக்கா. எப்போதும் சமாதானம் சொல்லத்தான் பேசுவார்கள். தம்பி நல்லவன், வந்துருவான், நீ நாலு பேர்ட்டச் சொல்லிக்கிட்டு இருக்காத என்றார்கள். நான் நாலு பேரிடம் எங்கே சொன்னேன், இந்த நோட்டில்கூட எழுதவில்லை.

"தென்காசில அவனுக்கு யாரு இருக்கா சொல்லு, கடையத் தவிர" என்றார்கள்.

யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எந்தத் தெரு என்றும் தெரியும்.  சாப்பிட்டீர்களா மதினி என்று கேட்டேன். மகன் பேசியபோது வழக்கம் போல அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 5, புதன்

இந்தப் பிள்ளைகளோடு முடியவில்லை. தினமும் "பிணத்த யாரு பாத்தா", தினமும் "சந்தையில சொன்னாவ". அதைச் சொல்லாமல் அவர்களால் அந்தக் காட்சிக்குள் நுழையவே முடியவில்லை. விடுதியில் சாப்பாட்டு வரிசையில்கூட இதுதானாம். இன்றைக்குக் கோழிக்குழம்பு என்று யாராவது சொன்னால் "யாரு பாத்தா?" என்கிறார்களாம். நிறுத்துங்கள் என்று கண்டித்துவிட்டேன். எத்தனை தடவை என்று கேட்டால் ஒரு தடவைதான். அதுவும் சத்தமாக இல்லை.

நாடகம் முழுக்கப் பேச்சித்தாய் வசனத்தை மறக்கிறாள். போர்க்களத்தில் வாளை ஓங்கிக்கொண்டு, அடுத்த வரிக்கு என் பக்கம் கண்ணை உருட்டுகிறாள். நான் எடுத்துக் கொடுத்ததும் கர்ஜிக்கிறாள். கைதட்டல் கர்ஜனைக்குத்தான் கிடைக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

போனை எடுத்தார்.

மூடியைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். நிறுவனர் நாளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு மணி நேரம் வந்து நின்றால் போதும், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, கல்லூரியில் என் தலை குனியாமல் இருக்க வேண்டும் என்றேன். நான் கெஞ்சவில்லை. கொஞ்சம் நீளமாகப் பேசினேன், அவ்வளவுதான். அவர் யோசித்தார். பின்னால் யாரோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"சரி, வாரேன். காரையும் எடுத்துட்டு வரணும்லா, எப்பிடியும் வரத்தான் செய்யணும்" என்றார்.

கார் அவர் போன நாளிலிருந்து உறை போட்டு முன்பக்கம் நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுங்கள் என்று ஒரு காலத்தில் கேட்டேன். எங்கே போகணும் சொல்லு, நான் கொண்டுபோய் விடுதேன் என்றார். அது அன்பு என்று நினைத்திருந்தேன். அன்பாகவும் இருந்திருக்கலாம்.

ஆனாலும் வருகிறார். எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அவருடைய பட்டுக்கரை வேட்டியை எடுத்து அலசிப் போட்டேன். அதற்குமட்டும் எட்டு வாளி இறைத்தேன். வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி. அந்த வேட்டியை அவர் கொண்டுபோகவில்லை, அங்கே வேட்டி கட்டுவதில்லை போலிருக்கிறது.

மகன் பேசினான். குளிக்கிறார் என்றேன். "எப்பப் பாத்தாலுமா?" என்று சிரித்தான்.

பிப்ரவரி 12, புதன்

செய்யதைத் தெருவில் பார்த்தேன். சனிக்கிழமை நிறுவனர் நாளுக்குச் சார் வருகிறார் என்று சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றார். சனிக்கிழமை அவருக்கு நேரம் இருக்காது என்றேன். அப்போ சார் அடுத்த தடவை வரும்போது என்றார். ஊர் முழுக்க "நாதர் வரட்டும்" என்றுதான் நடக்கிறது, நான் மரகதவதியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

உடை ஒத்திகை. அரசி கிரீடம் பெரிது, அரசன் மீசை உரிகிறது. தாளாளர் வந்திருந்ததால் பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நடித்தார்கள். ஆனால் அந்த இடம் வந்ததும் ஜெபராணியும் தடுமாறினாள், ரஹ்மத்தும் தடுமாறினாள். நான் எடுத்துக் கொடுத்துத்தான் அவள் செத்தாள். தாளாளர் "கொஞ்சம் உணர்ச்சி பத்தாது" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நேற்று நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவர் மத்தியானம் வந்தார். மணி அடித்துவிட்டு வாசலில் நின்றார், விருந்தாளி மாதிரி. காரின் பாட்டரி செத்துக் கிடந்தது. மெக்கானிக்கை அழைத்துவந்து வேறு வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்பினார். அணைத்தால் திரும்பக் கிளம்புவது சந்தேகம் என்று மெக்கானிக் சொன்னார். வேட்டி மாற்றிக்கொண்டார். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.  பாதி வழியில், மோட்டாரில் எந்த மூடியைத் திருக வேண்டும் என்று கேட்டேன். அதெல்லாம் உனக்கு எதுக்கு, செய்யதக் கூப்பிடு என்றார்.

நாடகம் ஆறு மணிக்கு ஆரம்பித்தது. அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தாளாளர் மடியில் புத்தகத்தோடு, பக்கத்தில் சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவருக்குப் பக்கத்தில் இவர். நான் திரைமறைவில் நின்றேன். பேச்சித்தாய் பன்னிரண்டு இடத்திலாவது மறந்தாள், எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் அங்கம் தொடங்குமுன் தம்பதியைத் தயாராக இருக்கச் சொன்னார்கள், அவரும் மேடைப் பக்கம் வந்து எனக்குப் பின்னால் நின்றார். தட்டில் இரண்டு மாலை, ஒரு பொன்னாடை. அவர் போன் அடித்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகப் பேசினார். "முடிஞ்சதும் வந்துருதேன். நீ சாப்பிட்டுட்டுப் படு."

அந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும். கடை, கல்யாணம், இழவு என்று எங்கே போனாலும் என்னிடம் சொன்னது. குரல்கூட அதேதான்.

மேடையில் ரஹ்மத் ஓடிவந்தாள். "அரசி, அரசர் மாண்டார்." ஜெபராணி மோதிரத்தைத் தூக்கினாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கணீரென்று கேட்டாள்:

"பிணத்த யாரு பாத்தா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஆனால் ரஹ்மத்துக்குத் தெரியவில்லை. பழகின வாய். "சந்தையில சொன்னாவ தாயே" என்றாள்.

முதலில் விடுதிப் பிள்ளைகள், பிறகு மொத்த அரங்கமும். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கட்டடம் கேட்டிருக்காது. தாளாளர் விரல் புத்தகத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஜெபராணி மோதிரமும் கையுமாக என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வரி என் கையில் இருக்கிறது. நாதரில்லாப் பூமியில் நானிருந்து ஆவதென்ன. நான் சொன்னால் அவள் சாவாள். ஒத்திகையில் அப்படித்தானே செத்தாள்.

என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மோதிரத்தை விரலில் மாட்டிக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்தாள். அரசர் மட்டும் உட்காருகிற இடம் அது, நாடகக் குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. "நேரா போயிப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று ரஹ்மத்தை அனுப்பினாள். ரஹ்மத் உள்ளே ஓடி வந்து, விழுகிற சத்தத்துக்காக இன்னும் காத்துக்கொண்டிருந்த பேச்சித்தாயை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அரசன் ஒரு பக்க மீசையோடு மேடையில் போய் விழுந்தான். அவளுக்கு நினைவிருந்த ஒரே வரியைச் சொன்னாள்.

"தாமதித்தேனோ மரகதவதி?"

"தாமதம்தான் அரசே" என்றாள் ஜெபராணி, திரும்பவும் நாடகத் தமிழில். "ஆனால் நான் இருக்கிறேன்."

திரையை இழுக்கிற பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்தான் கையைக் காட்டினேன். கைதட்டல் நிற்கவில்லை.

பின்னால் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூன்று மாதமாக நான் கேட்காத ஒரே கேள்வியை அப்போதுதான் கேட்டேன். இவ்வளவு சின்னக் கேள்வி என்று அதுவரை தெரியவில்லை.

"திரும்பி வாறீங்களா, இல்லியா?"

"இங்க வச்சா கேப்ப? எல்லாரும் பாக்காங்க, சக்தி" என்றார்.

பதில் கிடைத்துவிட்டது. கோபம்கூட வரவில்லை. அழுகை வந்தது, அதை விழுங்கினேன்.

அதற்குள் தாளாளர் படியேறி வந்துவிட்டார். தாத்தா எழுதிய நாடகத்தைச் சந்திசிரிக்க வைத்துவிட்டீர்கள் என்று மூச்சு வாங்கினார். திங்கட்கிழமை காலையில் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். தருகிறேன் என்றேன். சரி, விருந்தினர் காத்திருக்கிறார், தம்பதி முதலில் மேடைக்கு வாருங்கள், மங்களத்தை முடித்துவிடுவோம் என்று தட்டை எடுத்தார்.

"தம்பதி எதுக்கு ஐயா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"சுமங்கலி செத்தாத்தான தீட்டு. அவதான் சாகலையே. எதக் கழிக்கப் போறோம்?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார், அதில் இருக்கும் என்பது போல. அதில் இல்லை. ராணி சாகாவிட்டால் என்ன செய்வது என்று பெரிய ஐயாவும் எழுதவில்லை, அவர் வீட்டம்மாவும் சொல்லிவைக்கவில்லை. நீதிபதி கீழே இருந்து, பிரமாதம், முடிவை மாற்றியது யார் யோசனை என்று சத்தமாகக் கேட்டார். தாளாளர் என்னைப் பார்த்தார். பிறகு நீதிபதி பக்கம் திரும்பி, பிள்ளைகள்தான், புதுமையாக இருக்கட்டுமே என்று செய்தார்கள் என்றார். மாலை ஒன்றைப் பேச்சித்தாய் கழுத்திலும் ஒன்றை ஜெபராணி கழுத்திலும் போட்டார்கள். பொன்னாடை நீதிபதிக்குப் போனது. மங்களம் பாடினார்கள். தம்பதியில்லாமலே கூரை இடிந்து விழாமல் அதனிடத்தில் இருந்தது.

வெளியே கார் கிளம்பவில்லை. மெக்கானிக் சொன்னது சரி. அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இறங்கி நின்றார், வெள்ளை வேட்டியோடு. தென்காசிக்குப் போக வேண்டிய மனிதர். வேஷம் கலைக்காமல் நின்ற பிள்ளைகளைக் கூப்பிட்டேன். சாரின் வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள் என்றேன். அரசன் ஒரு பக்கம், கிரீடத்தோடு அரசி ஒரு பக்கம், தூதுவன் நடுவில். அவர் உள்ளே உட்கார்ந்தார். "நீ ஏறலையா?" என்றார். இல்லை, காலேஜ் வேன் இருக்கிறது என்றேன்.

மூவரும் முக்கினார்கள், வண்டி நகரவில்லை. நானும் போய்ப் பின்னால் கைவைத்துத் தள்ளினேன். வாசலைத் தாண்டியதும் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் அணைந்துவிடும் என்பதால் அவர் நிறுத்தவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை.

"சார் எங்கம்மா போறாங்க?" என்றாள் ரஹ்மத்.

"அவங்க வீட்டுக்கு" என்றேன்.

ரஹ்மத்நிஷா வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜெபராணி கழுத்து மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

இன்று காலை செய்யதைக் கூப்பிட்டேன். "சார் இருக்காவளா டீச்சர்?" என்றார்.

"சார் இங்க இல்ல, செய்யது. இனிமே வரமாட்டாவ. இது என் வீடு, நான் சொல்லுதேன், வாங்க."

வந்தார். ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை. தொட்டிக்குள் இருக்கிற வால்வு மக்கிப்போயிருந்ததாம், மாற்றிவிட்டார். பித்தளை மூடி எது, அதில் தண்ணீர் எப்படி ஊற்றுவது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிறகு அவரை எழுப்பிவிட்டு நானே ஒரு தடவை திருகினேன். இவ்வளவுதான் இது. இதற்காகவா இத்தனை வாளி.

சாயங்காலம் மகன் பேசினான். நாடகம் எப்படி என்று கேட்டான், சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வழக்கம் போல, "அப்பா எங்கம்மா, குளிக்கிறாங்களா?" என்றான்.

"இல்ல. அப்பா நம்ம வீட்ட விட்டுப் போயாச்சு. தீபாவளி முடிஞ்சதும் போனாவ. தென்காசில வேற வீடு."

 "யாரும்மா சொன்னா ஒனக்கு? சும்மா யாராவது எதையாவது" என்று ஆரம்பித்தான்.

"யாரும் சொல்லல. நானே பாத்தேன். பெட்டிய அடுக்கிக் குடுத்ததே நான்தான்."

பிப்ரவரி 17, திங்கள்

மோட்டாரை அணைக்க மறந்துவிட்டேன். தொட்டி நிரம்பித் தெருவரை தண்ணீர். எதிர்வீட்டுக்காரர் வந்து, சார் இல்லையா என்று கத்தினார். நான் இருக்கிறேன், என்னிடம் கத்துங்கள் என்றேன்.